கியூல நின்னவங்களே ஏன் அந்தக் காலத்துக்கு ஏங்குறாங்க? சோவியத்துக்கு அப்புறம் ரஷ்யாவுல வாழ்ந்த கதை

கேள்வி இதுதான்: "சோவியத் இருந்தப்ப ரொட்டிக்கும் சோப்புக்கும் கியூல நின்னாங்க, 1991க்கு அப்புறம் கடைல எல்லாமே கிடைச்சுது. அப்படி இருந்தும் வயசானவங்க ஏன் பழைய காலத்தை நினைச்சு ஏங்குறாங்க? மூளைச்சலவையா? சாதாரண குடும்பத்துல நெஜமா என்னதான் மாறுச்சு?"

மூளைச்சலவைன்னு ஒரே வார்த்தையில தள்ளிட்டுப் போறவங்களையும் பாத்திருக்கேன், சின்ன வயசுல சோவியத் புக்ஸ் படிச்சிட்டு அங்க பாலும் தேனும் ஓடுச்சுன்னு இன்னும் சாதிக்கிற நம்மூர் தோழர்களையும் பாத்திருக்கேன். நானும் அந்த புக்ஸ் படிச்சு வளந்தவன்தான், வழவழன்னு தாள், கெட்டி அட்டை, விலை ரெண்டு ரூபா மூணு ரூபா, அதைப் பாத்து மயங்கித்தான் 1990ல வோரோனெஷ்க்கு படிக்கப் போனேன். மாஸ்கோவுக்குத் தெக்க, ஒரு ராத்திரி ரயில் தூரம். முதல் வருஷம் மொழி, அப்புறம் அஞ்சு வருஷம் படிப்பு, அதுக்கப்புறம் மாஸ்கோவுல ஒரு இந்திய டீ இறக்குமதி ஆபீஸ்ல வேலை, 1999ல ஊர் திரும்பிட்டேன். அதனால நான் சொல்றது ரஷ்யாவோட கதை, அதுலயும் ஒரு ஊரோட கதை. போலந்து, கிழக்கு ஜெர்மனி கதையெல்லாம் வேற, அங்க விழுந்தவங்களுக்குக் கீழ ஏதோ ஒரு மெத்தையாவது இருந்துச்சு.

முதல்ல ஒரு வார்த்தை விஷயம். நான் போன புதுசுல அங்க யாரும் "வாங்கினேன்"னு சொல்லி அவ்வளவா கேட்டதில்ல. செருப்புன்னாலும் சரி, மாட்டுக்கறின்னாலும் சரி, "தஸ்தால்"னுதான் சொல்வாங்க, நம்ம பாஷைல "எப்படியோ புடிச்சுட்டேன்" மாதிரி. கடைல சரக்கு வந்தா "விக்குறாங்க"ன்னு சொல்ல மாட்டாங்க, "வெளிய எறிஞ்சிருக்காங்க"ம்பாங்க. கைல எப்பவும் ஒரு வலைப்பை இருக்கும், அதுக்குப் பேரு அவோஸ்கா, "ஒருவேளை கிடைச்சா"ன்னு அர்த்தம் வர்ற பேரு. கியூ பாத்தா முதல்ல போய் நிக்கணும், "கடைசி யாரு?"ன்னு கேட்டு இடம் புடிக்கணும், என்ன விக்கிறான்னு அப்புறம் விசாரிச்சுக்கலாம். அப்ப ஒரு விடுகதை சொல்வாங்க: நீளமா இருக்கும், பச்சையா இருக்கும், சாசேஜ் வாசனை அடிக்கும், அது என்ன? மாஸ்கோவுல இருந்து வர்ற ரயில். ஏன்னா நல்ல சரக்கெல்லாம் மாஸ்கோவுக்குத்தான் போகும், வெளியூர் ஜனம் ரயிலேறிப் போய் அள்ளிட்டு வரணும். 1990ல நான் போனப்ப சர்க்கரை, சோப்பு, வோட்கா மூணுக்கும் கூப்பன்.

ஆக அந்தக் காலத்துல பணம் ஒரு பிரச்சினையே கிடையாது, பணத்தை வச்சு என்ன பண்றதுங்கறதுதான் பிரச்சினை. எனக்கு மாசம் 90 ரூபிள் ஸ்டைபெண்டு, ஹாஸ்டல் வாடகை பேருக்கு, மாஸ்கோ மெட்ரோ டிக்கெட் 1961ல இருந்து 1991 வரைக்கும் அஞ்சு கோபெக்தான், நூறு கோபெக் ஒரு ரூபிள். ரொட்டி விலை குழந்தைக்கும் மனப்பாடம். சம்பளத்துல மிஞ்சுறது சேவிங்ஸ் பாஸ்புக்ல போய்ச் சேரும். யாரைத் தெரியும்ங்கறதுதான் நெஜமான சொத்து. கறிக்கடைக்காரன் தெரிஞ்சா கறி, பல் டாக்டர் தெரிஞ்சா பல்லு, தியேட்டர் டிக்கெட் கிழிக்கிறவன் தெரிஞ்சா டிராமா. இதுக்கு "ப்லாத்"னு பேரு. லஞ்சம் மாதிரி உடனே கைமாறுற விஷயம் இல்ல இது, இன்னைக்கு நான் உனக்குச் செய்றேன், நாளைக்கு நீ எனக்குச் செய்வே, கணக்கு தீரவே தீராது, அதனால உறவும் அறுந்து போகாது.

இதெல்லாம் ஒரு குளிர்காலத்துல தலைகீழா மாறுச்சு.

அதுக்கு முன்னாடியே ஒரு ஒத்திகை நடந்துச்சு. 1991 ஜனவரி 22, ராத்திரி ஒன்பது மணி நியூஸ், பிரதமர் பாவ்லோவ் காலத்து உத்தரவு, 50, 100 ரூபிள் பழைய நோட்டு செல்லாது, மாத்திக்க மூணு நாள் டைம். நம்ம 2016 நவம்பர் 8 ராத்திரியை நினைச்சுக்கோங்க, அதே முகம், அதே கியூ. 2016ல நான் இங்க ஏடிஎம் வாசல்ல நின்னப்ப எனக்கு வோரோனெஷ் பனிதான் ஞாபகம் வந்துச்சு. 1993 ஜூலைல மறுபடி ஒரு தடவை பழைய நோட்டுங்களைத் திரும்ப வாங்குனாங்க, அப்ப ஜனம் பாதிப்பேரு டாச்சாவுல, அதாவது ஊருக்கு வெளிய இருக்கற தோட்ட வீட்ல, இருந்த நேரம்.

1991 டிசம்பர்ல சோவியத் யூனியன் முடிஞ்சு போச்சு. 1992 ஜனவரி 2ம் தேதி, ரஷ்யப் பொருளாதாரத்தைப் பாத்துக்கிட்ட துணைப் பிரதமர் கைதார் விலைக்கட்டுப்பாட்டை எடுத்துட்டாரு. ரொட்டி, பால் மாதிரி சிலதுக்கு மட்டும் கொஞ்ச நாள் உச்சவரம்பு வச்சிருந்தாங்க, மத்ததெல்லாம் கடைக்காரன் போடுறதுதான் விலை. கடைல ஒரே வாரத்துல சரக்கு தலைகாட்ட ஆரம்பிச்சுது, அது உண்மை, காலி அலமாரியில திடீர்னு வெண்ணெய், சீஸ் எல்லாம் வந்து உக்காந்துச்சு. ஜனங்க கண்ணாடி வழியா விலையைப் பாத்துட்டு அப்படியே நடந்து போனாங்க. அந்த ஒரு வருஷத்துல விலைவாசி ஏறுனது ஏறக்குறைய 2,500 சதவீதம். அதாவது 26 மடங்கு. என் 90 ரூபிளை ஏத்திக் கொடுத்தாங்கதான், ஆனா அவங்க ஏத்துறதுக்குள்ள விலை ரெண்டு தெரு தாண்டிப் போயிருக்கும்.

ஹாஸ்டல் தாங்காம நான் ஒரு அம்மா வீட்ல வாடகைக்கு ரூம் எடுத்தேன். அஞ்சு மாடி குருஷ்சேவ் காலத்துக் கட்டடம், லிஃப்ட் கிடையாது, ரெண்டு ரூம், அடுப்படில ரெண்டு பேரு சேந்தாப்ல திரும்ப முடியாது. ஸ்கூல்ல கணக்கு டீச்சரா இருந்து ரிட்டையர் ஆனவங்க. நான் "த்யோத்யா"ன்னு கூப்பிடுவேன், அத்தைன்னு அர்த்தம். ஒருநாள் டீ குடிக்கும்போது அலமாரில இருந்து ஒரு சாம்பல் கலர் பாஸ்புக்கை எடுத்துக் காட்டுனாங்க. 5,000 ரூபிளுக்குக் கொஞ்சம் மேல. முன்னாடி காலத்துல அது பெரிய பணம், இன்னும் கொஞ்சம் போட்டா ஒரு ழிகுலி கார் வாங்கியிருக்கலாம், கார் கிடைக்குமாங்கறது வேற. அதுல ஒரு பங்குக்கு அவங்க தனியா ஒரு பேரு வச்சிருந்தாங்க, "க்ரோபவியே". சவப்பெட்டிக் காசு. அங்க வயசானவங்க எல்லாருமே இப்படி ஒண்ணு ஒதுக்கி வைப்பாங்க, தன் சாவுச் செலவுக்கு அடுத்தவன் கையை எதிர்பாக்கக் கூடாதுன்னு, உடுத்தி அனுப்ப வேண்டிய உடுப்பு, தலைக்குக் கட்டுற துணி எல்லாம்கூட ஒரு மூட்டையா பீரோ அடில இருக்கும். 1992 டிசம்பர்ல டாலர் 415 ரூபிள் ஆச்சு. அத்தை பேனா எடுத்து வகுத்துப் பாத்தாங்க, கணக்கு டீச்சர் இல்லையா. 12 டாலர். முப்பது வருஷச் சேமிப்பு. அழல, பாஸ்புக்கை மூடி அதே எடத்துல வச்சிட்டாங்க, "டீ ஆறிடப் போவுது, குடி"ன்னாங்க.

1995ல அந்தப் பழைய சேமிப்பையெல்லாம் ஈடுகட்டித் தர்றதா சட்டம் போட்டாங்க. முழு ஈடு வருஷா வருஷம் தள்ளிப் போய்க்கிட்டே இருந்துச்சு, ரொம்ப வயசானவங்களுக்கு மட்டும் சின்னச் சின்ன தொகையா கொடுத்தாங்க.

நீங்க கேட்ட ஏக்கத்துக்கு என்னோட பதில் இந்தப் பாஸ்புக்லதான் இருக்கு. அத்தை கம்யூனிஸ்ட் கட்சில மெம்பர்கூட கிடையாது, ஸ்டாலின் பேரைச் சொன்னா முகம் சுருங்கும், அவங்க அப்பாவை 1937ல கூட்டிட்டுப் போனவங்க திரும்பக் கொண்டு விடல. கியூல நிக்கறதுக்கு அவங்களுக்கு ஆசையா என்ன? ஒரு கணக்கை நம்பி முப்பது வருஷம் வாழ்ந்துட்டாங்க, இவ்வளவு வேலை செஞ்சா இவ்வளவு பென்ஷன், இவ்வளவு சேத்தா இப்படிச் சாகலாம்னு. ஒரு ஜனவரி மாசத்துல அந்தக் கணக்கு செல்லாதுன்னு சொல்லிட்டாங்க, அதுவும் "இதுவரைக்கும் நீங்க வாழ்ந்ததே தப்பு"ங்கற தொனில டிவில வந்து சொன்னாங்க. பொருள் இல்லாம இருந்தது கஷ்டந்தான், ஆனா வாழ்ந்த வாழ்க்கையே ரத்துன்னு கேக்குறது வேற மாதிரி கஷ்டம்.

சரி, ஜனங்க எப்படிப் பொழைச்சாங்க? 1992 ஜனவரி 29ல ரஷ்ய அதிபர் எல்த்சின் ஒரு உத்தரவு போட்டாரு, யார் வேணாலும் எங்க வேணாலும் விக்கலாம், லைசென்ஸ் வேணாம்னு. அந்த மாசக் கடைசில நான் மாஸ்கோ போயிருந்தேன். லுபியான்கால கேஜிபி ஆபீசுக்கு எதுத்தாப்ல குழந்தைங்க சாமான் விக்கிற பெரிய கடை ஒண்ணு இருக்கு, அங்க ஆரம்பிச்சு நடைபாதை பூரா ஜனம் வரிசையா நிக்குது. கியூன்னு நினைச்சு பழக்க தோஷத்துல "கடைசி யாரு?"ன்னு கேட்டுட்டேன். அவ்வளவு பேரும் விக்க வந்தவங்க! ஒரு கையில ஒரு ஜோடி பூட்ஸ், அடுத்தவர் கையில ரெண்டு டின் கறி, ஒரு பாட்டி கையில கம்பளி சாக்ஸ், இன்னொருத்தர் கோட்டு பித்தான்ல புது ஷாம்பூ பாட்டிலைக் கயிறு கட்டித் தொங்க விட்டிருந்தாரு. சில பேரு பேப்பர்ல வந்த அந்த உத்தரவை வெட்டி நெஞ்சுல குத்திட்டு நின்னாங்க, போலீஸ் கேட்டா காட்டலாம்னு. முந்தின வருஷம் வரைக்கும் வாங்கி விக்கறதுக்கு "ஸ்பெகுலாத்ஸியா"ன்னு பேரு, ஜெயில் தண்டனை இருந்த குற்றம். யாரும் கூவி விக்கல. பனியில சத்தமே இல்லாம ஆயிரம் பேரு நின்னு விக்கிற சந்தையை நான் வேற எங்கயும் பாத்ததில்ல. வெக்கம், வேற என்ன.

வெக்கம் சீக்கிரம் போயிடுச்சு. அடுத்த கட்டம் "செல்னோக்கி". செல்னோக்னா தறியில அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுமே, நாடா, அது. ஊருக்கும் வெளிநாட்டுக்கும் நடுவுல நாடா மாதிரி ஓடி வியாபாரம் பண்றவங்களுக்கு அந்தப் பேரு. இஸ்தான்புல்ல லாலெலி ஏரியா, சீன எல்லை, போலந்து, கொஞ்சப் பேரு நம்ம டெல்லி வரைக்கும் வந்தாங்க. கட்டம் போட்ட பெரிய பிளாஸ்டிக் பையில அம்பது அறுவது கிலோ துணி, லெதர் ஜாக்கெட். யாரு போனாங்கன்னா டீச்சர், இன்ஜினியர், நர்ஸ், முக்கால்வாசி பொம்பளைங்க. எனக்குப் பாடம் எடுத்த லெக்சரர் அம்மா ஒருத்தங்க வாரத்துல நாலு நாள் தெர்மோடைனமிக்ஸ், சனி ஞாயிறு சந்தைல துருக்கி ஸ்வெட்டர். ஒரு தடவை நான் நேரா அவங்க கடை முன்னாடி போய் நின்னுட்டேன். ரெண்டு பேருக்கும் என்ன பேசறதுன்னு தெரியல. அப்புறம் அவங்களே "குளிர் அதிகமாகப் போவுது, ஒண்ணு எடுத்துக்கோ, ஸ்டூடண்ட் விலை"ன்னு சிரிச்சாங்க. ஒலிம்பிக்ஸ் நடந்த லுழ்னிகி ஸ்டேடியத்தைச் சுத்தியே துணிச்சந்தை போட்டாங்கன்னா பாத்துக்கோங்க.

ஆனா வயித்தை நிரப்புனது சந்தையைவிட அதிகமா மண்ணுதான்னு சொல்வேன். இதைப் பத்தி எழுதுறவங்க குறைவு, நான் கொஞ்சம் நீட்டிச் சொல்றேன்.

சோவியத் காலத்துலயே டவுன்காரங்களுக்கு ஊருக்கு வெளிய ஆறு "சோத்கா" நிலம் கொடுத்திருந்தாங்க. ஒரு சோத்கான்னா நூறு சதுர மீட்டர், ஆக 600, நம்ம கணக்குல ஏறக்குறைய 15 சென்ட். அதுல ஒரு மரக் குடிசை, அதான் டாச்சா. முன்னாடி அது பாதி பொழுதுபோக்கு. கிண்டலா "ஃபசெண்டா"ன்னும் சொல்வாங்க, 80கள் கடைசில ஒரு பிரேசில் சீரியல் ஓடுச்சு, அதுல பண்ணைக்கு அந்தப் பேரு, அப்படியே ஒட்டிக்கிச்சு. 1992க்கு அப்புறம் இந்த ஆறு சோத்காதான் சோறு போட்டுச்சு. 90கள்ல ரஷ்யாவுல விளைஞ்ச உருளைக்கிழங்குல பத்துல ஒன்பது பங்கு இந்த மாதிரி வீட்டுத் தோட்டத்துல விளைஞ்சதுதான். வோரோனெஷ் பக்கம் மண்ணு வேற நம்ம கோவில்பட்டி கரிசலை விடக் கருப்பு, ஒரு முழம் தோண்டினாலும் கருப்பாவே வரும்.

மே மாசம் லீவுல நடவு. எலக்ட்ரிச்கான்னு லோக்கல் டிரெயின், அதுல நாத்து வச்ச பால் டப்பாவை மடியில வச்சுக்கிட்டு பாட்டிங்க கூட்டம். அத்தை கூட நானும் போவேன், வாடகைல கொஞ்சம் கழிச்சுக்குவாங்க. ஜூன்ல கொலராடோ வண்டு வரும், மஞ்சள் கருப்பு கோடு போட்டிருக்கும், கையாலதான் பொறுக்கணும், மண்ணெண்ணெய் ஊத்துன டப்பாவுல போடணும், வெயில்ல குனிஞ்சு குனிஞ்சு முதுகு விட்டுப் போயிடும். ஆகஸ்ட் கடைசில கிழங்கு தோண்டற வேலை. வீட்டுக்கு வந்தா மூணு லிட்டர் கண்ணாடி ஜாடி. கெட்டில் மூக்கு மேல ஜாடியைக் கவுத்து ஆவி புடிப்பாங்க, வெள்ளரிக்காய், சோயிக்கீரைப் பூ, பூண்டு, பிளாக் கரன்ட் செடி இலை, மேல கொதிக்கிற உப்புத்தண்ணி, தகர மூடியை ஒரு சின்ன மெஷின் வச்சு சுத்திச் சுத்தி அமுக்கி, தலைகீழா கவுத்து, பழைய கோட்டைப் போட்டுப் போர்த்தி வைப்பாங்க, குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி. பால்கனி பூரா ஜாடி. யாராச்சும் வந்தா "எத்தனை மூடினீங்க?"ன்னுதான் விசாரிப்பு. கிழங்கைத் திருடிட்டுப் போறவங்களுக்குப் பயந்து ராத்திரி தோட்டத்துல காவல் படுத்த மனுசங்களையும் எனக்குத் தெரியும், அவங்கள்ல ஒருத்தர் பௌதிகத்துல டாக்டரேட்.

இதே நேரத்துல தனியார்மயம்னு ஒரு பெரிய நாடகம். 1992 அக்டோபர்ல இருந்து ஆளுக்கு ஒரு வவுச்சர் கொடுத்தாங்க, பச்சக் குழந்தைக்கும் உண்டு, மேல 10,000 ரூபிள்னு போட்டிருக்கும், வாங்க 25 ரூபிள் கட்டணம். நாட்டோட ஃபாக்டரில எல்லாருக்கும் பங்குன்னு சொன்னாங்க, ஒரு வவுச்சர் ரெண்டு வோல்கா காருக்குச் சமமாகும்னு தனியார்மயத்தை நடத்துன சுபைஸ் சொன்னது கடைசி வரைக்கும் ஜோக்கா சுத்துச்சு. நிறையப் பேரு ஸ்டேஷன் வாசல்ல நிக்கிற புரோக்கர்கிட்ட சில பாட்டில் வோட்கா விலைக்கு வித்தாங்க, மிச்சப் பேரு ஏதோ ஒரு ஃபண்டுல போட்டாங்க, ஃபண்டு ஆபீஸைப் பூட்டிட்டு ஆளே காணோம். 1994ல எம்எம்எம் வந்துச்சு, மவ்ரோதியோட பிரமிட் ஸ்கீம், டிவில ல்யோன்யா கோலுப்கோவ்னு ஒரு அப்பாவிக் கேரக்டர் முதல்ல பொண்டாட்டிக்கு பூட்ஸ், அப்புறம் ஃபர் கோட்டுன்னு வாங்குவாரு. ஜூலைல ஊத்திக்கிச்சு. கைதான மவ்ரோதி அதே வருஷம் இடைத்தேர்தல்ல நின்னு எம்பி ஆயிட்டாரு, பணத்தைப் பறிகொடுத்தவங்களே ஓட்டுப் போட்டாங்க, ஜெயிச்சா காசு திரும்ப வருமோன்னு. நம்மூர் சீட்டுக் கம்பெனி, ஈமு கோழி கதையெல்லாம் கேட்டவங்களுக்கு இது ஒண்ணும் புரியாத விஷயம் இல்ல. ஆனா ஒரு வித்தியாசம், அங்க ஜனங்களுக்கு நம்மூர் மாதிரி சீட்டுக் கம்பெனி, கந்துவட்டியெல்லாம் வாழ்க்கைல பழக்கம் கிடையாது. பணம்னா பாஸ்புக், டிவில விளம்பரம் வந்தா அது உண்மை, அவ்வளவுதான் தெரியும். எந்தப் பாட்டியும் "ஏமாந்துடாத"ன்னு சொல்லி வளக்கல, ஏன்னா பாட்டிக்கே தெரியாது.

ஃபாக்டரி விஷயத்துக்கு வர்றேன். அங்க ஃபாக்டரின்னா சம்பளம் மட்டும் கிடையாது. குழந்தைங்க நர்சரி, சம்மர் கேம்ப், கேன்டீன், ஆஸ்பத்திரி, வீடு, லீவுக்கு கடலோர ரெஸ்ட் ஹவுஸ், பாட்டு கத்துக்க கிளப், எல்லாமே அந்த கேட்டுக்குள்ள இருந்துதான் வரும். அது படுத்ததும் எல்லாம் சேந்து படுத்துச்சு. அத்தையோட மகன் ஊர்ல ஒரு பெரிய ஃபாக்டரில ஃபிட்டர், 1995-96ல மாசக்கணக்கா சம்பளம் வரல, ஆனாலும் தினம் காலைல கிளம்பிப் போவாரு. "எதுக்கு போறீங்க?"ன்னு ஒருநாள் கேட்டேன், "வேற எங்க போக?"ன்னாரு. ஒரு மாசம் சம்பளத்துக்குப் பதிலா எனாமல் பாத்திரம் கொடுத்தாங்க, பன்னெண்டு செட். நாங்க மூணு பேரும் ரயில் நிக்கிற ஸ்டேஷன்ல போய் நின்னு ஜன்னலோரமா வித்தோம். குஸ் ஹ்ருஸ்தால்னி மாதிரி கண்ணாடி ஃபாக்டரி ஊர்ல கிரிஸ்டல் கிளாஸையே சம்பளமா கொடுத்தாங்க, அதுங்க ரோட்டோரம் வெயில்ல ஜொலிச்சுக்கிட்டு கிடக்கும். 1998 வாக்குல தொழிற்சாலை வியாபாரத்துல பாதி பண்டமாற்று. ராக்கெட் விட்ட நாட்டுல!

ஆம்பளைங்க இதுல ரொம்ப நொறுங்கிப் போனாங்க. பொம்பளைங்க ஸ்வெட்டர் வித்தாங்க, ஜாடி மூடினாங்க, வீடு துடைக்கப் போனாங்க, ஆம்பளைக்கு "நான் இன்ன ஃபாக்டரி"ங்கற அடையாளம் போனதும் ஒண்ணும் மிச்சமில்ல. ராயல்னு ஒரு லிட்டர் பாட்டில் ஸ்பிரிட் வந்துச்சு, 96 சதவீதம், தண்ணி கலந்து குடிப்பாங்க. 80கள் நடுவுல ஆம்பளைங்க சராசரி ஆயுசு 64, 65 கிட்ட இருந்துச்சு, 1994ல 57, 58க்கு வந்துடுச்சு. போர் இல்லாத காலத்துல ஒரு நாட்டுல இப்படி நடக்கறது அபூர்வம். எங்க படிக்கட்டுல பதினைஞ்சு வீடு, நான் இருந்த நாலு வருஷத்துல அதுல நாலு ஆம்பளைங்க போயிட்டாங்க, ஒருத்தருக்கும் அறுவது ஆகல.

நல்லதே நடக்கலையான்னு கேட்டா, நடந்துச்சு, அதைச் சொல்லாம விட்டா பொய். ஜனங்க குடியிருந்த ஃபிளாட்டை இலவசமாவே அவங்க பேருக்கு எழுதிக் கொடுத்தாங்க, 1991 சட்டம். ஹீட்டிங், வெந்நீர், கேஸ் எல்லாம் அந்த 90கள்லயும் ரொம்ப மலிவு, அதனாலதான் தெருவுக்கு வராம தப்பிச்ச குடும்பம் ஏராளம். எதை வேணா படிக்கலாம், பேசலாம், பாஸ்போர்ட் எடுத்துட்டு எங்க வேணா போகலாம். சர்ச்சுக்குப் பயப்படாம போகலாம், மாஸ்கோவுல 1931ல இடிச்சு அப்புறம் நீச்சல்குளமா ஆக்கியிருந்த பெரிய தேவாலயத்தைத் திரும்பக் கட்டி எழுப்புனாங்க. என் வயசுப் பசங்களுக்கு, அதுலயும் மாஸ்கோ, பீட்டர்ஸ்பர்க்ல இருந்தவங்களுக்கு, அது திருவிழாக் காலம். அவங்ககிட்ட போய் "சோவியத் திரும்ப வேணுமா"ன்னு கேட்டா அடிக்க வருவாங்க.

கொஞ்சம் காசு பாத்தவன் முதல்ல வாசலுக்கு இரும்புக் கதவு போட்டான். எங்க படிக்கட்டுல நான் குடிவந்த புதுசுல ஒண்ணுகூட கிடையாது, பக்கத்து வீட்ல உப்பு கேக்கப் போனா கதவைத் தள்ளிட்டுப் போகலாம். 1995ல ஒன்பது. அடுத்தது "யெவ்ரோரெமோன்ட்", அதாவது யூரோப் ஸ்டைல்ல வீட்டைப் புதுப்பிக்கறது, வெள்ளைச் சுவரு, பிளாஸ்டிக் ஜன்னல், ஃபால்ஸ் சீலிங், பழைய மர அலமாரி, புக்ஸ் எல்லாம் குப்பைத்தொட்டி பக்கத்துல. நான் அங்கிருந்து பொறுக்குன புக்ஸ் இன்னும் என் வீட்ல இருக்கு. மாஸ்கோவுல விலையே "ஊ.யே."ன்னுதான் போட்டிருப்பாங்க, "நிபந்தனை அலகு"ன்னு மொழிபெயர்க்கலாம், டாலர்னு வெளிப்படையா சொல்லக் கூடாதுல்ல, அதனால இப்படி ஒரு புனைப்பேரு. 1998 ஆகஸ்ட் 17 அன்னிக்கு அரசாங்கம் கடனைக் கட்ட முடியலன்னு கைவிரிச்சப்ப டாலர் 6 ரூபிள், மூணு நாலு வாரத்துல 20ஐத் தொட்டுச்சு. எங்க ஆபீஸ்ல அன்னைக்கு மத்தியானம் பில் போடுறதையே நிறுத்திட்டோம், என்ன விலை போடறதுன்னு யாருக்கும் தெரியல. டீ வியாபாரத்துல இருந்ததால இன்னொண்ணும் சொல்றேன், சோவியத் காலத்துல யானைப் படம் போட்ட இந்தியன் டீ பாக்கெட் அங்க அவ்வளவு மவுசு, நம்ம நீலகிரி டீக்கு அவங்க பெரிய வாடிக்கை, ரூபா-ரூபிள் வியாபாரம் நின்னதும் குன்னூர் பக்கம் சின்ன விவசாயிங்க பட்ட பாடு இதே கதையோட இன்னொரு முனை.

ப்லாத் என்னாச்சு? அதுதான் எனக்கு ரொம்ப நாள் உறுத்துன விஷயம். முன்னாடி அத்தை வீட்டுக்கு யாராச்சும் வந்துக்கிட்டே இருப்பாங்களாம், மருந்து வேணும், டிக்கெட் வேணும், பையனுக்கு அட்மிஷன் வேணும், வந்தவங்க டீ குடிச்சு, அடுப்படில நடுராத்திரி வரைக்கும் பேசிட்டுப் போவாங்களாம். எல்லாம் காசுக்கே கிடைக்க ஆரம்பிச்சதும் ஒருத்தருக்கு ஒருத்தர் தேவைப்படல, காசு இருந்தவன் நேரா கடைக்குப் போனான், இல்லாதவன் வெக்கப்பட்டு வீட்டுக்குள்ளயே இருந்துட்டான். அதுவும் போக யாருக்கும் நேரம் கிடையாது, மூணு வேலை பாக்கறவன் எங்க வந்து டீ குடிக்க? கருத்துக் கணிப்புகள்ல சோவியத் உடைஞ்சதுக்கு வருத்தப்படறேன்னு சொன்னவங்க 2000ல 75 சதவீதம், 2018ல 66. காரணம் கேட்டா வல்லரசுங்கற பெருமை போச்சு, ஒண்ணா இருந்த பொருளாதாரம் உடைஞ்சுதுன்னு சொல்றவங்களோட, மனுசனுக்கு மனுசன் நம்பிக்கை போச்சுன்னு சொல்றவங்களும் நிறைய. இந்த ஏக்கத்தையே 2000க்கு அப்புறம் ஆட்சியில இருக்கறவங்களும் கம்பெனிங்களும் அழகா வித்துக்கிட்டாங்க. சோவியத் தேசிய கீதத்தோட மெட்டு 2000 டிசம்பர்ல வார்த்தை மாத்தி திரும்ப வந்துச்சு, ஐஸ்கிரீம் பாக்கெட்லயும் சாசேஜ்லயும் "அந்தக் காலத்து ருசி"ன்னு பழைய டிசைன், பழைய நிகழ்ச்சிங்களைப் போடவே "நொஸ்தால்கியா"ன்னு ஒரு சேனல். அது வியாபாரம், அரசியல். அத்தையோட ஏக்கத்தை இதோட போட்டுக் குழப்பாதீங்க.

நான் ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை அவங்ககிட்டயே நேரா கேட்டேன், பழைய காலம் திரும்ப வந்தா சந்தோஷமான்னு. கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "சாசேஜுக்கு கியூல நிக்க முட்டி ஒத்துழைக்காது. ஆனா பாஸ்புக்கைத் திருப்பிக் கொடுத்தா வாங்கிக்குவேன்"னாங்க.

2006ல அவங்க தவறிட்டாங்கன்னு மகன் போன் பண்ணாரு. அந்தப் பழைய சேமிப்பு சட்டத்துல டெபாசிட்காரர் செத்தா வாரிசுக்கு ஈமச் செலவுன்னு அதிகபட்சம் 6,000 ரூபிள் கொடுக்கற ஏற்பாடு இருந்துச்சு, பாஸ்புக்கை எடுத்துட்டுப் போய் அதை வாங்கினாராம். பெட்டிக்கும் குழிக்கும் பத்தல, மிச்சத்தை படிக்கட்டுக்காரங்க சேந்து போட்டாங்களாம், இரும்புக் கதவுக்காரங்களும்தான். பீரோ அடில உடுப்பு மூட்டை அப்படியே இருந்துச்சாம். அடக்கம் முடிஞ்சு வந்தவங்களுக்கு சாப்பாடு போடணும்ல, பால்கனியைத் திறந்து போன ஆகஸ்ட்ல அத்தை மூடி வச்ச வெள்ளரிக்காய் ஜாடி ஆறு எடுத்து வச்சாங்களாம்.